இன்ஜின் ஆயிலும் சிந்தெடிக் ஆயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வாகன உதிரிபாகக் கடை நடத்துகிறேன். ஆயில் டப்பாவை எடுத்து வைத்ததும் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகள் பத்துப் பதினைந்துதான். கேட்கும் ஆள் மட்டுமே மாறுகிறார். பைக், ஸ்கூட்டர், கார் வைத்திருப்போர் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக வைத்திருக்கிறேன்.

ஆயில் வழுவழுப்புக்காகத்தானே? எதை ஊற்றினால் என்ன?

வழுவழுப்பு ஆயிலின் முதல் வேலை. அதற்கு மேலும் பல வேலைகள் உண்டு. பிஸ்டனிலிருந்தும் பேரிங்கிலிருந்தும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்தை அடைத்து, எரிந்த வாயு கீழே இறங்காமல் காக்கிறது. கரியையும் உலோகத் துகளையும் ஏந்திக்கொண்டு போய் ஃபில்டரில் சேர்க்கிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறித்துத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. ரேடியேட்டர் இல்லாத பைக் இன்ஜினில் காற்றுக்கு அடுத்தபடியாக வெப்பத்தைத் தணிப்பது ஆயில்தான்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின்மேல் உரசிக்கொண்டே சுழல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. 1880களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சின் பேரிங்கை ஆராயும்போது எண்ணெய் விடுவதற்காக அதன் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், அது தள்ளப்பட்டது. மரமுளையை அடித்து இறுக்கினார், அதுவும் மெல்ல வெளியேறியது. சுழலும் அச்சே எண்ணெயை ஆப்புப் போலக் குறுகும் சந்துக்குள் இழுத்து, தன்மேல் உள்ள பாரத்தைத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார்.

அந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே; தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பது, தவறினால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடும். ஸ்டார்ட் செய்யும் கணத்திலும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முனையிலும் படலம் முழுமையாக நிற்பதில்லை. அங்கே காப்பது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். ஆகவே எதை ஊற்றுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் – மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

எந்த இன்ஜின் ஆயிலும் அடிப்படை எண்ணெயும் அதில் கலக்கும் சேர்க்கைப் பொருள்களும் சேர்ந்ததுதான். மூன்றுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு அடிப்படை எண்ணெயில் இருக்கிறது. கச்சா எண்ணெயை வடித்து, மெழுகையும் கந்தகத்தையும் இயன்றவரை நீக்கி எடுப்பது மினரல். முழு அரிசி, குறுணை, நொய் எல்லாம் கலந்த மூட்டையைப் போல, அதில் பல அளவு மூலக்கூறுகள் கலந்திருக்கும். சிறியவை சூட்டில் ஆவியாகிவிடும். மெழுகுத்தன்மை உள்ளவை குளிரில் உறையும். நிலையற்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே அளவாக, ஒரே குணமாக இருக்குமாறு அமைக்கப்படுகின்றன.

செமி சிந்தெடிக் என்பது இரண்டின் கலவை. அதில் சிந்தெடிக் எத்தனை சதவீதம் என்பதைப் பெரும்பாலான டப்பாக்களில் போடுவதில்லை. ஒரு நிறுவனத்தின் செமி சிந்தெடிக்கும் மற்றொன்றின் செமி சிந்தெடிக்கும் ஒரே பொருள் என்று எண்ண வேண்டாம்.

10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கிறதே, அந்த எண்கள் எதைச் சொல்கின்றன? நம் ஊரில் பனியே இல்லையே?

இவை எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த பாகுத்தன்மை எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருக்க இருக்க, குளிர்ந்த நிலையில் ஆயில் எளிதாக ஓடும். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 10டபிள்யூவை மைனஸ் 25இலும், 0டபிள்யூவை மைனஸ் 35இலும் சோதிக்கிறார்கள். பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் உள்ள பாகுத்தன்மையைக் குறிக்கிறது: அதை அளக்கும் சென்டிஸ்டோக் என்ற அலகில், 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை.

மதுரையில் மைனஸ் டிகிரிக்கு வேலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் 10டபிள்யூ-30 ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஆறேழு மடங்கு கெட்டியாக இருக்கிறது. இன்ஜினின் கணக்கில் சித்திரை மாதக் காலையும் குளிர்தான். சாவியைத் திருப்பியபின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பிலிருந்து பம்ப் வழியாக மேலே உள்ள கேம் ஷாஃப்ட் வரை ஆயில் ஏறுவதற்குள் பாகங்கள் எஞ்சியிருக்கும் ஈரத்தை நம்பியே ஓடுகின்றன. அந்த நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தேய்மானம் குறையும்.

நம் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் போட்டால் இன்ஜினுக்கு இன்னும் பாதுகாப்புதானே?

அளவுக்கு மீறிக் கெட்டியானால் தீங்குதான். உங்கள் இன்ஜினின் பேரிங் இடைவெளியும் ஆயில் செல்லும் துளைகளும் பம்பின் திறனும் ஒரு குறிப்பிட்ட பாகுத்தன்மைக்காக அமைக்கப்பட்டவை. அதைவிடக் கெட்டியான ஆயில் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடினால் வெப்பத்தை மெதுவாகவே எடுத்துச் செல்லும். ஃபில்டர் வழியே செல்ல முடியாதபோது பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போவதும் உண்டு.

வெளியே வெயில் 30 டிகிரியா 42 டிகிரியா என்பது ஆயிலுக்குப் பெரிய வேறுபாடு அன்று. இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் உள்ளே அது பெரும்பாலும் 90 முதல் 120 டிகிரி வரைக்கும் இருக்கிறது. கையேட்டில் இரண்டு கிரேடுகளுக்கு அனுமதி இருந்தால், பாரம் ஏற்றுவோரும் மலைப்பாதையில் ஓடுவோரும் அவற்றில் கெட்டியானதை எடுக்கலாம். கையேட்டில் இல்லாததை நானும் கொடுப்பதில்லை.

சிந்தெடிக் போட்டால் உண்மையில் என்ன பயன்? விலை மட்டும்தான் அதிகமா?

முதல் பயன் சூட்டைத் தாங்குவது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் ஆயில் ஆக்சிஜனோடு சேரும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மாட்டுத்தாவணி சிக்னலில் முழுச் சூட்டில் நிற்கும் காற்றுக்குளிர்ச்சி பைக்குக்கு இது வெறும் பாடநூல் கணக்காக இருக்காது. வால்வு கவரைக் கழற்றிப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நெடுங்காலம் மினரல் ஆயிலில், தள்ளிப்போட்ட சர்வீஸ்களோடு ஓடிய இன்ஜினில் ராக்கர் ஆர்மின் மேல் தார் போல ஒரு படிவு இருக்கும்; ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். நல்ல சிந்தெடிக்கில், காலம் தவறாமல் மாற்றிய இன்ஜினில் அலுமினியத்தின் நிறம் லேசான பொன்னிறப் பூச்சோடு அப்படியே இருக்கும். அந்தப் படிவு பிஸ்டன் ரிங்கின் பள்ளத்தில் சேர்ந்தால் ரிங் இறுகிப்போய், ஆயில் எரிந்து புகை வரத் தொடங்கும்.

இரண்டாவது பயன் நிலையான பாகுத்தன்மை. சூட்டில் அளவுக்கு மீறி நீர்த்துப்போகாமல் இருக்க மினரல் ஆயிலில் பாலிமர்கள் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். பைக்கில் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. கியர்ப் பற்கள் அந்தப் பாலிமர்களை நறுக்கிவிடுகின்றன. 40 ஆக ஊற்றிய ஆயில், சில ஆயிரம் கிலோமீட்டரில் 30 போல நீர்ப்பதும், கியர் விழும்போது கரகரப்பதும் இதனால்தான். சிந்தெடிக் அடிப்படை எண்ணெய் இயல்பாகவே வெப்பத்துக்குக் குறைவாக மாறுவதால் அதற்குப் பாலிமர் குறைவாகவே தேவைப்படுகிறது. பைக் ஓட்டுபவர்களுக்குச் சிந்தெடிக்கை நான் எடுத்துச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

மூன்றாவதாக, ஆவியாவது குறைவு, ஆகவே அளவு குறைவதும் குறைவு. கேள்வி மூன்றில் சொன்ன காலை நேரத் தேய்மானமும் சற்றே குறையும். அன்றாடம் பத்து கிலோமீட்டர் நிதானமாக ஓடும் 100 சிசி வண்டிக்கு, கையேடு சொல்லும் மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும். நாளெல்லாம் ஓடும் டெலிவரி வண்டி, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி, டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள கார் ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை வீணாகாது.

சிந்தெடிக் மாற்றினால் மைலேஜ் கூடுமா?

சிறிதளவு கூடலாம், அதிலும் பெரும்பங்கு ஆயில் மெல்லியதாக இருப்பதால் வருவது, சிந்தெடிக்காக இருப்பதால் மட்டும் அன்று. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கூடியதாக யாராவது சொன்னால், டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் அதே நாளில் சரிசெய்தாரா என்று கேளுங்கள்.

கார் ஆயில் மீதி இருக்கிறது. அதையே பைக்குக்கு ஊற்றலாமா?

ஊற்றக்கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து வேலை செய்கின்றன. காருக்கான மெல்லிய ஆயில்களில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள்களைக் கலக்கிறார்கள். கிளட்சுக்கோ உராய்வுதான் உயிர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் கார் சர்வீஸில் மிஞ்சிய 5டபிள்யூ-30 ஆயிலைத் தம் 150 சிசி பைக்குக்கு ஊற்றிவிட்டுக் கொடைக்கானலுக்குக் கிளம்பினார். வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இன்ஜின் இரைந்தது, வண்டி நகரவில்லை. கீழே இறக்கிக் கொண்டுவந்து சரியான ஆயிலை ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றினோம். வழுக்கல் ஓரளவே குறைந்தது. கடைசியில் கிளட்ச் தட்டுகளையே மாற்றவேண்டியதாயிற்று.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஜப்பான் 1998இல் ஜாசோ என்ற தரத்தை இருசக்கர வாகனங்களுக்கென வகுத்தது. ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள வண்டிக்கு எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரை வேண்டும். டப்பாவில் உள்ள ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்ட முத்திரையின் கீழ்ப்பகுதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று அச்சிட்டிருந்தால் (எரிபொருளை மிச்சப்படுத்தும் ஆயில் என்று பொருள்) அதைப் பைக்குக்கு வாங்காதீர்கள்.

அப்படியானால் ஸ்கூட்டருக்கு?

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. தனியறையில் உலர்ந்தே இருக்கிறது. அதற்கு உராய்வு குறைந்த எம்பி முத்திரை. எம்ஏ ஆயிலை ஊற்றிவிட்டால் ஸ்கூட்டர் கெட்டுவிடாது. எம்பி ஆயிலைப் பைக்குக்கு ஊற்றினால்தான் முன் பதிலில் சொன்ன வழுக்கல் வரும்.

மாற்றி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை, ஆயில் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

கறுப்பதைக் கொண்டு ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட இயலாது. கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்ளும் சேர்க்கைப் பொருள் வேலை செய்கிறது என்பதையே அது காட்டுகிறது. டீசல் இன்ஜினில் ஆயில் ஒரே நாளில் கறுக்கும். பழைய படிவு உள்ள இன்ஜினில் புதிய சிந்தெடிக் ஊற்றினால் அது படிவைக் கரைத்துக்கொண்டு இன்னும் விரைவாகக் கறுக்கும்.

அஞ்சவேண்டிய நிறம் வேறு. ஆயில், பால் கலந்த காப்பி போல இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது; ரேடியேட்டர் உள்ள வண்டியாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டு சிலிண்டரின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலை விரலில் தேய்க்கும்போது மினுமினுப்பாகத் துகள் தெரிந்தாலும் அப்படியே.

சிந்தெடிக் போட்டால் மாற்றும் இடைவெளியை இரண்டு மடங்காக்கலாமா?

டப்பாவில் எழுதியிருப்பதை விட வண்டியின் கையேடே மேல். அடிப்படை எண்ணெய் நீடித்தாலும், அமிலத்தை முறிக்கும் சேர்க்கைப் பொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். காற்றுவழி வரும் தூசியையும் கரியையும் சிந்தெடிக் குறைப்பதில்லை. ஒரு லிட்டர் ஆயில்கூடப் பிடிக்காத சிறிய பைக்கில் அத்தனை அழுக்கும் அந்தச் சிறு அளவிலேயே சேர்கிறது.

குறைவாக ஓடும் வண்டிக்கு அதிக நாள் விடலாம் என்பதும் தவறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியேறும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குக் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பும் வண்டியில் அது வெளியேற நேரமே கிடைப்பதில்லை. எனவே கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்கே மாற்றுங்கள்.

ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி வைத்து எடுத்துப் பாருங்கள். சில பைக்குகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் மரையின்மேல் வெறுமனே உட்காரவைத்துப் பார்க்கவேண்டும்; சிலவற்றில் முழுவதும் திருகவேண்டும். இதை மாற்றிச் செய்தால் கணக்கு தவறும் என்பதால் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோட்டுக்கும் இடையில் இருந்தால் சரி. குறைவது எவ்வளவு ஆபத்தோ, மேல்கோட்டைத் தாண்டுவதும் அதே போல ஆபத்து: சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் இழுக்க முடியாது. கடைக்கு வரும் இன்ஜின் சீஸ்களில் (பாகங்கள் இறுகி இன்ஜின் நின்றுபோவது) பெரும்பாலானவை மட்டமான ஆயிலால் நேர்ந்தவை அல்ல. ஆயிலே இல்லாமல் நேர்ந்தவை. விலை உயர்ந்த சிந்தெடிக் ஊற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஆறு மாதம் டிப்ஸ்டிக்கைத் தொடாதவர்களும் அவர்களில் உண்டு. மாதம் இருமுறை, இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

வண்டி 80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இனி சிந்தெடிக் போட்டால் லீக் ஆகும் என்கிறாரே மெக்கானிக்?

அவர் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொடக்ககாலச் சிந்தெடிக் ஆயில்கள் ரப்பர் சீலைச் சற்றே சுருங்கச் செய்தன. பின்னர் எஸ்டர் என்ற வேதிச் சேர்மம் போன்றவற்றைச் சேர்த்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். இன்றைய சிந்தெடிக் நல்ல சீலைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே வெடித்துப்போன சீலைச் சுற்றிப் படிந்திருந்த அழுக்கைக் கழுவிவிட்டு, மறைந்திருந்த கசிவைக் காட்டிக்கொடுக்கலாம். அப்போது மாற்றவேண்டியது அந்த ரப்பர் சீல்தான்.

புகை விட்டு ஆயிலைக் குடிக்கும் இன்ஜினுக்குச் சிந்தெடிக் மருந்தாகாது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யும்வரை விலை குறைந்த ஆயிலையே ஊற்றி அளவைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

‘ஃபுல் சிந்தெடிக்’ என்று எழுதியிருப்பதெல்லாம் உண்மையில் சிந்தெடிக்தானா?

இங்கேதான் சிக்கல். அடிப்படை எண்ணெய்களை ஏபிஐ ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் மினரல். நான்காவது வகை, எத்திலீனிலிருந்து படிப்படியாகக் கட்டப்படும் பாலி ஆல்ஃபா ஓலிஃபின். எஸ்டர்கள் ஐந்தாவதில் வரும். நடுவிலுள்ள மூன்றாம் வகை, கச்சா எண்ணெய்ப் பொருளையே கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து மூலக்கூறுகளை மாற்றியமைத்தது. அதைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் நிறுவனத்தின்மீது அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் முடிவு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அதுமுதல் மூன்றாம் வகையும் அந்தப் பெயரில் விற்பனையாகிறது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். நல்ல மூன்றாம் வகை எண்ணெய் அன்றாட ஓட்டத்துக்கு மிக நன்றாகவே உழைக்கிறது. ஆனால் ‘சிந்தெடிக்’ என்ற சொல்லுக்கு மட்டும் பணம் கொடுக்காமல், ஏபிஐ, ஜாசோ முத்திரைகளையும் வண்டி நிறுவனத்தின் ஒப்புதலையும் பார்த்து வாங்குங்கள். (காஸ்ட்ரால் என்ற பெயரே 1909இல் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. முதல் உலகப் போரின் விமான இன்ஜின்கள் பல நம் வீட்டு விளக்கெண்ணெயில்தான் ஓடின.)

டர்போ பெட்ரோல் கார். எந்த ஆயிலாக இருந்தாலும் சிந்தெடிக் என்றால் போதுமா?

போதாது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் பேரிங்குக்கு அருகே எரியும் புகை பாய்கிறது. அங்கே சிந்தெடிக்கின் சூடு தாங்கும் குணம் கட்டாயம் வேண்டும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்தபின் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் பேரிங்கில் தேங்கும் ஆயில் கருகாது.

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் கோளாறு உண்டு. ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மம் அதைத் தூண்டுகிறது என்று கண்டறிந்து, சேர்க்கையை மாற்றி அமைத்தார்கள். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம் அதற்கான சோதனையையும் உள்ளடக்கியது. இத்தகைய காருக்கு எஸ்பி கட்டாயம் பாருங்கள்.

டீசல் காரில் ஆயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போகிறது. இது எப்படி?

பலரும் மகிழ்ச்சியோடு சொல்லும் இதுதான் அவசரமாகக் கவனிக்கவேண்டியது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பியதும் கூடுதல் டீசலைச் செலுத்திக் கரியை எரிக்கிறார்கள். நகருக்குள் சிறுசிறு பயணமாக ஓடும் காரில் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோய், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. அளவு கூடுகிறது, ஆயில் நீர்க்கிறது, முதல் பதிலில் சொன்ன படலம் மெலிகிறது. மேல்கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்; வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

இந்தக் கார்களுக்குச் சாம்பல் குறைந்த, ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி வரிசை ஆயில் வேண்டும். சாதாரண ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை எந்தச் சூட்டாலும் எரிக்க முடியாது. அது வடிகட்டியை நிரந்தரமாக அடைத்துவிடும்.

போலி ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ஆயிலை என்ன செய்வது?

இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது. போலி ஆயில் பெரும்பாலும் நீங்கள் விட்டுச்செல்லும் காலி டப்பாவில்தான் திரும்பி வருகிறது. மூடி வளையம் உடையாமல் இருக்கிறதா, மூடியிலும் டப்பாவிலும் உள்ள தொகுதி எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உங்கள் கண் முன்னால் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் டப்பாவைக் கத்தியால் கிழித்துவிடுங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். மரப்பலகையைக் கரையான் அரிக்காமல் பூசுவதற்கும், மாட்டுப் புண்ணுக்குத் தடவுவதற்கும் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் புற்றுநோயைத் தூண்டும் பொருள்களும் உலோகத் துகளும் சேர்ந்திருப்பதால் நான் கொடுப்பதில்லை. வீட்டிலேயே ஆயில் மாற்றுவோர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். வடித்ததை ஒரு கேனில் மூடி, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆட்களுக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் சேர்த்துவிடுங்கள். எங்கள் கடைக்குக் கொண்டுவந்தாலும் பின்பக்கம் உள்ள பீப்பாயில் ஊற்றிக்கொள்கிறோம்.